பாங்காங் ஏரிக்கரையில் ஓர் எல்லையூர்

பஷ்மினாச் சால்வை என்றால் நெசவுத் தொழிலில் உள்ளார் அனைவரும் காஷ்மீரத்தையே நினைப்பர். சால்வை நெய்யப்படுவது அங்கே என்பது உண்மைதான். ஆயின் அதற்குரிய மயிர் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் விளைவதன்று. ஸ்ரீநகருக்குக் கிழக்கே பல மலைத்தொடர்களைக் கடந்து, லடாக்கின் கீழ்க்கோடியில், சாங்தாங் என வழங்கும் மேட்டுநிலத்தில் மேயும் வெள்ளாடுகளின் உடலில் அது விளைகிறது. பருத்தி விளையும் கரிசல் மண்ணைப் பற்றி நம் நெசவாளர் ஓரளவேனும் அறிந்திருக்கின்றனர். அதுபோல இம்மயிர் விளையும் நிலத்தைப் பற்றியும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி, அம்மேட்டுநிலத்தின் விளிம்பிலுள்ள மேரக் என்னும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு, அதன் நில அமைப்பை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பெரிய ஊர்களை விடுத்துச் சில பத்து வீடுகளே உள்ள ஓர் ஊரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நிலப்படத்தை விரித்துப் பார்ப்பவர்க்கு மேரக்கைப் பற்றி இரண்டு செய்திகளே தென்படும். ஒன்று, அது பாங்காங் என்னும் நெடிய ஏரியின் தென்கரையில் இருக்கிறது. மற்றொன்று, இந்தியாவுக்கும் சீனத்தின் ஆட்சியிலுள்ள திபெத்துக்கும் இடையே செல்லும் கோட்டுக்கு அது அண்மையில் இருக்கிறது. ஏரிக்கரை ஊர் என்றவுடன் மதகும் வாய்க்காலும் நன்செயும் நம் நினைவுக்கு வரும். மேரக்கிலோ ஏரிநீர் ஒரு வயலுக்கும் பாய்வதில்லை. எல்லை என்றவுடன் வேலியும் கல்லும் நினைவுக்கு வரும். அங்கோ கோடு எவ்வழியாகச் செல்கிறது என்பதிலேயே இரு நாடுகளும் இன்னும் உடன்படவில்லை. அவ்வூரின் வாழ்வை உண்மையில் நடத்துவன, மலையினின்று இறங்கும் சிற்றோடைகளும், பனிக்காலத்தில் ஆடுகள் கடித்துத் தின்னும் காய்ந்த புல்லும் ஆகும். இவ்விரண்டையும் சாதாரண நிலப்படங்களில் காண இயலாது.

லே நகரினின்று புறப்படுவோர் சிந்து நதியை ஒட்டித் தென்கிழக்கே காரு வரை சென்று, அங்கு ஆற்றை விட்டு விலகி, சக்தி என்னும் ஊரைக் கடந்து, சாங் லா கணவாயில் ஏறவேண்டும். அக்கணவாயின் உயரம் ஏறத்தாழ 5,360 மீட்டர். அதாவது 17,500 அடிக்கும் மேல். மறுபுறம் இறங்கினால் துர்புக், தாங்ட்ஸே ஆகிய ஊர்கள். அதன்பின் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றின் வழியே நெடுந்தொலைவு சென்றால், மலைகளின் இடுக்கில் நீலக்கோடு ஒன்று தோன்றும். அதுவே ஏரியின் மேற்கு முனை. அங்குள்ள ஊர் லுகுங். அங்கிருந்து தென்கரையைப் பற்றிக்கொண்டு செல்லும் பாதையில் ஸ்பாங்மிக், மான், மேரக் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மேரக்கைக் கடந்து செல்லும் பாதை சூஷூல் சமவெளியை அடைகிறது. லுகுங்கிலிருந்து மான் வரையுள்ள தொலைவைக் குறிக்க ஒரு விந்தையான சான்று உண்டு. 2023 பிப்ரவரியில் உறைந்த ஏரியின் மேலேயே 21 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் ஒன்றை நடத்தினர். லுகுங்கில் தொடங்கி மானில் முடிந்தது அது. உப்புநீர் எளிதில் உறையாது என்பது பொதுவிதி. அவ்விதியையும் மீறி இவ்வேரி மனிதர் ஓடுமளவுக்கு இறுகுகிறது என்றால், அங்குள்ள குளிரை அளந்துகொள்ளலாம்.

உதவாத நீர்

ஏரியின் நீளம் ஏறத்தாழ 134 கிலோமீட்டர். அகலமோ மிகுந்த இடத்திலும் 5 கிலோமீட்டர் அளவே. நீர்மட்டம் கடலுக்கு மேல் சுமார் 4,225 மீட்டர், அதாவது 13,900 அடி அளவில் உள்ளது. நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இந்தியாவின் கையிலும் எஞ்சியது சீனத்தின் கையிலும் இருக்கின்றன. இத்துணை நீண்டு குறுகிய வடிவம் ஏரிக்கு எப்படி வந்தது என்பதை அறிந்தால், அந்நீர் ஏன் உதவாது என்பதும் விளங்கும்.

பாங்காங் முற்காலத்தில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. நிலவோட்டில் நெடுக ஓடும் பெரும் பிளவு ஒன்று இப்பகுதியைக் கடந்து செல்கிறது. பள்ளத்தாக்கு அப்பிளவின் திசையிலேயே நீண்டு கிடக்கிறது. நீர் நிறைந்து ஏரியான பின்னும், அதன் மேற்கு முனையினின்று வழிந்த மிகைநீர் தாங்ட்ஸே பள்ளத்தாக்கின் வழியாகச் ஷையோக் ஆற்றை அடைந்து, அவ்வாற்றின் மூலம் சிந்துவிலும் கலந்துகொண்டிருந்தது. பின்னர் இருவகையில் வழி அடைபட்டது. மலையோடைகள் கொணர்ந்து குவித்த கல்லும் மண்ணும் வாயிலை மேடாக்கின. நாட்டின் வானிலையும் வறண்டு, வரும் நீர் குறைந்தது. வழிந்தோட இயலாத ஏரியினின்று நீர் வெளியேறும் வழி ஒன்றே ஒன்றுதான். அது வெயிலாலும் காற்றாலும் ஆவியாதல். ஆவியாகும் நீர் தன்னிற் கரைந்துள்ள உப்பை உடன் கொண்டு செல்வதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓடைகள் கொணரும் சிறிதளவு உப்பெல்லாம் ஏரியிலேயே தங்கித் தங்கி நீரைக் கரிப்பாக்கிவிட்டது.

இதற்குச் சான்று கரையிலேயே இருக்கிறது. இன்றைய நீர்மட்டத்துக்கு மிக உயரத்தில், மலைச்சரிவுகளில் படிப்படியாகப் பழைய கரைகளின் தடங்கள் உள்ளன. அப்படிவுகளில் நன்னீரில் வாழும் நத்தைகளின் ஓடுகளை ஆராய்ச்சியாளர் கண்டெடுத்துள்ளனர். ஒருகாலத்தில் இவ்வேரி நிறைந்து வழிந்ததும், அப்போது அதன் நீர் இனித்ததும் இவ்வாறு அறியப்பட்டவையே. இன்றும் கிழக்கே, திபெத்தின் பக்கத்தில், நீர் இனிதாகவே இருக்கிறது. மேற்கே வர வரக் கரிப்பு மிகுகிறது. மேரக் இருப்பதோ மேற்குப் பகுதியில். ஆகவே ஊரார்க்கு ஏரியால் குடிநீரில்லை, பாசனமில்லை, மீன்பிடித் தொழிலுமில்லை. கோடையில் பட்டைத்தலை வாத்துகள் வந்து இப்பகுதியில் குஞ்சு பொரிக்கின்றன. இவ்வினப் பறவைகளே பனிக்காலத்தில் நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் வருபவை.

ஏரியால் பயனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வானியல் அறிஞர்க்கு அதனால் ஒரு பயன் உண்டு. கதிரவனை நுணுகி ஆராயும் தொலைநோக்கிக்குப் பெரும்பகை, வெயிலில் சூடேறிய தரையினின்று எழும் கலங்கிய காற்று. அக்காற்று பிம்பத்தை நடுங்கச் செய்கிறது. நீர்ப்பரப்பு தரையைப்போல் விரைவில் சூடேறாது. அதன்மேல் வரும் காற்று சீராக வீசும். அதனாலேயே 2 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட பெரிய சூரியத் தொலைநோக்கி ஒன்றை மேரக் அருகே ஏரிக்கரையில் நிறுவலாம் என இந்திய வானியற்பியல் நிலையத்தார் நெடுநாள் அளந்தறிந்து முன்மொழிந்தனர். 1899-இல் தொடங்கிய நம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தை நடத்திவருவதும் இந்நிலையமே. கொடைக்கானல் மலைமேல் பழகிய கண் அடுத்து நாடும் இடம் மேரக் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மற்றொரு பயன் சுற்றுலா. 2009-இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்றில் இவ்வேரி காட்டப்பட்டதிலிருந்து பார்வையாளர் கூட்டம் பெருகிற்று. ஸ்பாங்மிக்கில் கூடாரங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. பணம் வருகிறது, வேண்டாம் என யார் சொல்வார்? ஆனால் மேலே கூறிய நிலவியலை இங்கு மறக்கலாகாது. வெளியேறும் வழியற்ற ஏரியில் உப்பு தங்கியது போலவே, கூடாரங்களின் கழிவும் தங்கும். ஆற்றங்கரை ஊருக்குள்ள வசதி இவ்வூர்களுக்கு இல்லை. அழுக்கை அடித்துச் செல்ல ஆறில்லை.

ஓடை தந்த ஊர்

ஏரியின் தென்கரையை ஒட்டிப் பாங்காங் மலைத்தொடர் நிற்கிறது. அதன் சிகரங்கள் சில 6,000 மீட்டரைத் தாண்டியவை. உச்சிகளில் பனியாறுகள் உண்டு. மழையை நம்பி இங்கு ஒன்றும் பயிரிட முடியாது. இமயமலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்துவிடுவதால், லே நகரில் ஆண்டு முழுவதும் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுதான் விழுகிறது. நம் வறண்ட மாவட்டங்களில் ஒரு நல்ல மழைநாளில் பெய்வது அது. ஆகவே வேளாண்மைக்கு உள்ள நீர், உச்சியில் உறைந்துள்ள பனி கோடையில் உருகி இறங்கும் ஓடைநீர் மட்டுமே.

அவ்வோடைகள் செங்குத்தான மலையிலிருந்து விரைந்து இறங்கி, கரையருகே சமநிலத்தை அடைந்ததும் வேகம் குறைகின்றன. குறைந்தவுடன் தாம் சுமந்துவந்த கல்லையும் மணலையும் வண்டலையும் விசிறி விரித்தாற்போல் பரப்பிவிடுகின்றன. தென்கரையில் இவ்வாறு அமைந்த விசிறிகளின் மேலேதான் ஊர்களும் வயல்களும் உள்ளன. விசிறிக்கும் விசிறிக்கும் இடையே வெறும் பாறையும் சரளையும். ஊர்கள் அடுத்தடுத்து இல்லாமல் தொலைவு தொலைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஓர் ஊரின் அளவை அதன் ஓடை வரையறுக்கிறது. ஏரி எவ்வளவு பெரிதாயினும் அதில் அதற்குப் பங்கில்லை.

வயல்கள் சிறியவை, கல் அடுக்கிக் கட்டிய வரப்புகளால் படிப்படியாக அமைந்தவை. விளைவன பார்லியும் பட்டாணியும். வைகாசியில் மண் இளகியபின் விதைத்து, புரட்டாசி உறைபனிக்கு முன் அறுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு போகம். அப்போகமும் தவறினால் மறுபோகமில்லை. உழவுக்குக் கவரிமா என நாம் கூறும் யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பின எருது. பார்லியை வறுத்து மாவாக்கி உண்பதே அன்றாட உணவு. மரம் அரிது, ஓடைக்கரையில் நட்டு வளர்த்த வில்லோ மரங்கள் சில உண்டு. அடுப்புக்கு விறகில்லை, கால்நடைகளின் வறட்டியும், மலைச்சரிவில் பிடுங்கிய குற்றுச்செடிகளுமே எரிபொருள்.

நீரைப் பங்கிடும் முறையை நம் விவசாய உறுப்பினர் கவனித்தற்குரியது. லடாக்கின் ஊர்களில் ஓடைநீரை வாய்க்காலில் திருப்பி, சிறு குளங்களில் இரவெல்லாம் தேக்கி, பகலில் முறைவைத்து விடுவர். இன்ன வீட்டின் வயலுக்கு இன்ன பொழுதில் நீர் என்று கணக்கிட்டுத் திறந்துவிட ஒருவரை ஊரார் அமர்த்துகின்றனர். அவருக்குச் சுர்பொன் என்று பெயர். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி பார்த்துவந்த வேலையே அது. பனியுருகும் நீர் ஒருநாளைக்குள்ளேயே ஏறி இறங்கும் இயல்புடையது. காலையில் குறைந்து, வெயில் ஏற ஏற மிகுந்து, மாலையில் உச்சம் அடையும். அதனால் முறை என்பது நாள் கணக்கில் மட்டுமன்றி, நாழிகைக் கணக்கிலும் பார்க்க வேண்டியதாயிற்று. வேனில் தொடக்கத்தில் விதைக்கு நீர் வேண்டும்போது உச்சியில் குளிர் விலகாமையால் ஓடை மெலிந்தே வரும். அந்த இரண்டு மூன்று வாரங்களே ஊருக்குச் சோதனையான காலம்.

ஆடும் அதன் மயிரும்

இத்தகைய வயல் ஒரு குடும்பத்துக்கு உணவு தரலாம், காசு தராது. காசு தருவது ஆடு. சாங்தாங்கில் வாழும் சாங்பா மக்களுள் ஒரு சாரார் கூடாரங்களோடு இடம்பெயர்ந்து வாழ்பவர். மேரக்கைப் போன்ற ஊர்களில் இருப்போர் வீடும் வயலும் உடையவராயினும், மந்தை அவர்க்கும் உயிர். வெள்ளாடு, செம்மறி, யாக், குதிரை ஆகியவை மந்தையில் உண்டு.

வெள்ளாட்டின் உடலில் இருவகை மயிர் வளர்கிறது. மேலே நீண்டு தடித்த மயிர். அதனைக் கயிறு முதலியவற்றுக்குப் பயன்படுத்துவர். அதன் அடியில், பனிக்காலத்தில் மட்டும், பஞ்சுபோன்ற மென்மயிர் ஒன்று தோன்றுகிறது. அதன் தடிப்பு 12 முதல் 15 மைக்ரான் வரை. மனிதன் தலைமயிரின் தடிப்பில் ஐந்திலொரு பங்கு என்று கொள்ளலாம். அதுவே பஷ்மினா. குளிர் மிகுந்தால்தான் அம்மயிர் அடர்ந்து வளரும் என்பதை அறியாமல் முன்பு சிலர் ஏமாந்ததுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரான மூர்க்ராஃப்ட் என்னும் கால்நடை மருத்துவர் 1812-இல் மானசரோவர் வரை சென்று இவ்வாடுகளை வாங்கிவந்தார். பிறகு அவற்றை ஸ்காட்லாந்துக்கு அனுப்பி அங்கேயே வளர்க்கும் முயற்சியும் நடந்தது. பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன, முயற்சி கைகூடவில்லை.

வேனில் வந்ததும் மென்மயிர் தானாகவே தளர்கிறது. மே மாதம் முதல் ஜூலை வரை ஆட்டைக் கட்டிக் கிடத்தி, வளைந்த பற்களுள்ள சீப்பினால் வாரி எடுக்கின்றனர். கத்தரிப்பதில்லை. ஓர் ஆட்டிலிருந்து 250 கிராம் அளவில் கிடைக்கும். அதிலும் தடித்த மயிர், பொடுகு, மண் எல்லாம் கலந்திருக்கும். அவற்றை நீக்கினால் மூன்றிலொரு பங்கு அல்லது சிறிது மிகுதியாக எஞ்சும். ஒரு சால்வைக்கு மூன்று ஆடுகளின் ஓராண்டு மயிராவது வேண்டும் என்பது இக்கணக்கால் புலனாகும். நெசவாளர்க்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இம்மயிர் குட்டையானது, மிக மெல்லியது. ஆகவே ஆலைக் கதிர்களின் வேகத்தைத் தாங்காமல் அறும். அதனைத் தாங்கவைக்க நைலான் இழையைக் கலந்து நூற்று, நெய்தபின் நைலானை அமிலத்தில் கரைத்துவிடும் முறை ஒன்று வழக்கில் உண்டு. அவ்வாறு கரைக்கையில் மயிரின் வலுவும் குன்றும். கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்த பஷ்மினாவுக்கு இன்றும் தனி மதிப்பிருப்பதன் காரணம் இதுவே. காஷ்மீரப் பஷ்மினாவுக்கு 2008-இலும், லடாக் பஷ்மினாவுக்கு 2023-இலும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டன. முன்னது நெய்யும் கையைக் காப்பது. பின்னது வளர்க்கும் கையையும் கணக்கில் கொண்டது. இரண்டிற்கும் இடையே 15 ஆண்டுகள் கழிந்தன என்பது எண்ணத்தக்கது.

வளர்ப்போர் நெடுங்காலம் மயிரைக் கலப்போடு அப்படியே வணிகரிடம் விற்றுவந்தனர். சுத்தம் செய்து பிரித்தால் விலை பன்மடங்கு ஏறும். அவ்வேற்றமெல்லாம் வாங்கியவர்க்கே சென்றது. சாங்தாங் பஷ்மினா வளர்ப்போர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைந்ததும், தடித்த மயிரையும் மென்மயிரையும் பிரிக்கும் இயந்திரம் லே நகரில் நிறுவப்பட்டதும் இந்நிலையை மாற்றும் முயற்சிகள். பருத்தி விற்போர் அரைவை ஆலையைத் தமக்கென வைத்துக்கொள்வது போன்றது இது என்றால் நம் உறுப்பினர்க்கு விளங்கும்.

கோடும் புல்லும்

இனி எல்லையைப் பற்றிக் கூறுவோம். 1684-இல் லடாக்குக்கும் திபெத்துக்கும் ஏற்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கை, மேற்குத் திபெத்தின் பஷ்மினா மயிர் லடாக்கின் வழியாகக் காஷ்மீரத்துக்கே செல்ல வேண்டும் என வகுத்தது. எல்லையும் வணிகமும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன என்பதைக் காண்க. 1834 முதல் ஜம்முவின் படைத்தலைவர் ஜோராவர் சிங் லடாக்கை வென்று, 1841-இல் திபெத்தினுள்ளும் படை நடத்தி, அவ்வாண்டின் இறுதியில் அங்கேயே மாண்டார். அடுத்த ஆண்டு மேரக்குக்கு அடுத்துள்ள சூஷூலின் பெயரால் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பழைய எல்லைகளே தொடரும் என்பது அதன் சாரம். பழைய எல்லை எது என்று அதில் விளக்கப்படவில்லை. அக்காலத்தில் அது தேவைப்படவுமில்லை. எந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஊரின் மந்தை மேயும் என்பதை இருபுறத்து ஆயரும் அறிந்திருந்தனர். ஏரியின் கிழக்கே உள்ள ருதோக் பகுதியோடு தானியமும் உப்பும் கம்பளியும் மாற்றிக்கொள்ளும் வணிகம் நடந்தது.

1962-இல் போர் வந்தது. மேரக் தென்கரையில் இருக்க, வடகரையில் சிரிஜாப் காவல் நிலையில் மேஜர் தன் சிங் தாப்பாவும் அவர் வீரர்களும் அக்டோபரில் போரிட்டனர். நவம்பர் 18-இல் சூஷூலுக்குத் தெற்கே ரேஸாங் லாவில் மேஜர் சைத்தான் சிங்கின் படைப்பிரிவு ஏறத்தாழ முழுவதும் மடிந்தது. போருக்குப் பின் ருதோக் வணிகம் அற்றுப்போயிற்று. எஞ்சியது எல்லைக்கோடன்று, இரு படைகளும் தத்தம் கைவசம் உள்ளதாகக் கருதும் கட்டுப்பாட்டுக் கோடு. அக்கோட்டை இருவரும் வெவ்வேறு இடங்களில் வரைகின்றனர். வடகரையில் மலையிலிருந்து ஏரிக்குள் நீண்டிறங்கும் எட்டு முகடுகளை விரல்கள் என்பர். கோடு எட்டாவது விரலில் செல்கிறது என்பது இந்தியாவின் கருத்து. நான்காவதற்கு மேற்கே செல்கிறது என்பது சீனத்தின் கருத்து. 2020 மே மாதத்தில் இங்குப் படைகள் எதிர்கொண்டு நின்றன. ஆகஸ்டு இறுதியில் தென்கரை மலையுச்சிகளிலும் படைகள் ஏறின. 2021 பிப்ரவரியில் இருகரைகளிலிருந்தும் இருதரப்பும் பின்வாங்கின.

படைகள் பின்வாங்கிய செய்தி நாளிதழ்களில் வந்தது. மந்தைகளின் செய்தி அவ்வளவாக வரவில்லை. அதை விளக்க ஆட்டின் ஆண்டுக்கணக்கைப் பார்க்க வேண்டும். கோடையில் மந்தை உயர்ந்த பள்ளத்தாக்குகளில் மேயும். குளிர் வந்ததும் அவ்விடங்கள் பனியால் மூடப்படும். மந்தை தாழ்ந்த, காற்று மோதும் சரிவுகளுக்கு இறங்கும். காற்று பனியைத் துடைத்துவிடுவதால் அங்குக் காய்ந்த புல் வெளியே தெரியும். ஆடு ஆழ்ந்த பனியைக் கிளறிப் புல்லெடுக்கும் வலிமையற்றது. ஆகவே அத்தகைய சரிவுகள் எங்குளவோ அங்கேயே அது பிழைக்கும். குட்டி ஈனுவதோ பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில். கையிருப்புத் தீவனம் குறைந்து, புல் இன்னும் தளிர்க்காத காலம் அது. அப்போது தாயாட்டுக்கு மேய்ச்சல் இல்லையேல் பாலில்லை; பாலில்லையேல் குட்டியில்லை. 2013-ஆம் ஆண்டின் பெரும்பனியில் சாங்தாங் முழுவதும் ஆயிரக்கணக்கான குட்டிகள் இறந்தன. இறந்த ஒவ்வொரு குட்டியும், அடுத்து வரும் பல ஆண்டுகளின் மயிர்.

இவ்வாறு பனிக்கால மேய்ச்சலுக்கு ஏற்ற சரிவுகளிலும் வெளிகளிலும் பல, கோடு எங்கே என்ற வழக்குள்ள பகுதியில்தான் அமைந்திருக்கின்றன. இது யாரும் திட்டமிட்டதன்று. உச்சியில் மனிதர் வாழ இயலாது. தாழ்ந்த வெளிகளே இருபுறத்தாரும் நெடுங்காலம் சென்றுவந்த இடங்கள். வழக்கு அங்கேதான் பிறக்கும். 2020-க்குப் பின் முன்னர் மேய்த்த இடங்கள் சிலவற்றுக்குச் செல்ல இயலவில்லை என்று சூஷூல் வட்டாரத்து மக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் கூறிவருகின்றனர். படை விலகிய நிலம், இருபுறத்துச் சிப்பாயும் செல்லாத இடைவெளியாக விடப்பட்டால், ஆயரும் அதனுள் செல்வது அரிதாகிறது. நிலத்தின் உரிமையைப் பற்றிய வாதங்களுள் நாம் இங்குப் புகவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. ஆயர் ஆண்டுதோறும் மந்தையோடு சென்றுவந்ததே அந்நிலம் யாருடையது என்பதற்கு ஊரார் வைத்திருந்த சான்று. செல்லாத ஆண்டுகள் பெருகப் பெருக, அச்சான்று தேய்கிறது, மந்தையும் தேய்கிறது.

மேய்ச்சல் குறைந்தால் தீவனம் வாங்கிப் போடலாமே எனக் கேட்கலாம். அதற்கும் நிலமே விடை சொல்கிறது. வைக்கோலும் புல்லும் வெளியிலிருந்து வரவேண்டுமாயின், லே நகரிலிருந்து சாங் லா கணவாயைக் கடந்து லாரியில் வரவேண்டும். தீவனம் மிகவும் வேண்டப்படுவது பெரும்பனி விழும் நாள்களில். கணவாய் அடைபடுவதும் அதே நாள்களில். வாடகையும் சேர்ந்தால் ஓர் ஆட்டுக்குப் போடும் தீவனத்தின் விலை, அது தரும் மயிரின் விலையைத் தின்றுவிடும். ஆகவே ஊரிலேயே விளைந்த பார்லித் தாளையும், வயலோரத்துப் புல்லையும் புரட்டாசியில் அறுத்துக் கட்டி, தட்டையான வீட்டுக்கூரைகளின் விளிம்பில் உயரமாக அடுக்கி வைக்கின்றனர். கூரையில் அடுக்கிய கட்டுகளின் எண்ணிக்கை, அவ்வாண்டு ஓடையில் வந்த நீரைப் பொறுத்தது. கட்டுகள் மாசிக்கு முன் தீர்ந்துவிட்டால், ஈனப்போகும் ஆடுகளை மட்டும் பிரித்து வீட்டு மதிலுக்குள் வைத்து, மீதி மந்தையைச் சிறுவரும் முதியவரும் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்கின்றனர், முன்பு சென்ற தொலைவில் பாதி வரை.